எட்டுப் பேர் தூக்கிய கை

கொடுக்காப்பட்டி ரோடு என்று ரயில்காரன் மஞ்சள் பலகையில் எழுதிவைத்த ஊரில், கூட்ஸ் ஷெட்டுக்கும் தனுஷ்கோடி முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்கும் நடுவில் கிடக்கிற ஒற்றைத் தெருவில், நல்ல வெயில் நேரத்தில், பேச்சிராசுவின் வலது தோளிலிருந்து ஒரு நரம்பு வெளியே வந்து, மதில் ஏறி, மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கி, அவனோடு பேச்சுவார்த்தையே இல்லாத சூசைமாணிக்கத்தின் செத்துப்போன வலது கைக்குள் புகுந்துகொண்டது. நான் பார்த்தேன். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அந்தக் கை ஏன் செத்தது என்பது தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஆதிலிங்கம். கூட்ஸ் ஷெட்டில் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி. தூக்குவது அவர்கள், குரல் கொடுப்பது நான். என் வேலைக்கு ரெண்டே சொல். "ஆங்" என்றால் எல்லோரும் தூக்க வேண்டும். "ஓ" என்றால் எல்லோரும் விட வேண்டும். பாதி ஆங் கிடையாது, முக்கால் ஆங் கிடையாது; எட்டுப் பேர் தூக்கும்போது ஒருத்தன் யோசித்தால் யோசித்தவன் காலில்தான் இரும்பு விழும். அதனால் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்து மூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதில்லை, காதிலிருந்து நேரே கைக்குப் போய்விடும். ஒரு கல்யாண வீட்டில் மைக் செட்காரன் சோதித்துப் பார்க்க "ஆங்… ஆங்" என்று சொல்லப்போக, பந்தியில் இருந்த எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்தப் பழக்கத்தில்தான் ஒன்பது பேருக்கும் கால் இருக்கிறது.

ஒன்பதாவது ஆள் சூசை.

அந்தக் கேன்கள் ஒரு மழைநாளில் வந்தன. நீலக் கேன், மேலே ஒட்டியிருந்த பழைய தாளைச் சுரண்டிவிட்டு "சோப்பு எண்ணெய்" என்று புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். சோப்பு எண்ணெயில் பூண்டு வாடை அடிக்குமா? அடித்தது. பருத்திக்கு அடித்துக்கொண்டிருந்த பூச்சி மருந்தின் வாடை. அடிக்கப்போன ஆட்கள் வரப்பிலேயே விழுந்து செத்ததால் விற்கக்கூடாது என்று நிறுத்திவைத்த சரக்கு. கிட்டங்கிக்குள் கால் வைத்த எவனுக்கும் தெரியும். தனுஷ்கோடி முதலாளிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் அவர் வாசலோடு நின்று மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். ஒரு கேனை ஒரு ஆள் தூக்கலாம், அதற்குக் குரல் வேண்டியதில்லை. சூசை தோளில் வைத்த கேனுக்கு மூடி சரியில்லை, கசிந்து சட்டை நனைந்துவிட்டது. இறக்கி வைத்துவிட்டு, "மொதலாளி, மேலெல்லாம் எரியுது, கழுவிட்டு வந்துருதேன்" என்று கேட்டிருக்கிறான்.

"ஏல, சோப்புதான? குளிச்ச மாதிரி இருக்கும். மழை வலுக்குமுன்ன வரிசையை முடி" என்றாராம் முதலாளி.

முடித்தான். வரிசையை முடித்துவிட்டு ஷெட் வாசலுக்கு வந்தவனுக்கு வாயில் கோழை கோழையாக எச்சில் ஒழுகியது, கண்மணி ரெண்டும் கடுகாகச் சுருங்கியது, மார்பிலும் தோளிலும் தோலுக்கு அடியில் புழு ஓடுவது போலத் தசை துடித்தது, நானும் பேச்சிராசுவும்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பேச்சிராசு அவனோடு பேசுவதில்லை. தூக்குவதற்குப் பேச வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நசீமா என்று ஒரு அம்மா, சின்ன வயது, சட்டையைக் கிழித்தெறிந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஊசிமேல் ஊசியாகப் போட்டு, ஆளை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். அப்புறம் வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த எங்களுக்கு விளக்கம் சொன்னார். அவர் நல்லவர். விளக்கம் சொல்லுகிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நரம்பு தசையைத் தொடாது, பெரியவரே. கிட்டப் போய் நின்னுக்கும். நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. மேலேருந்து உத்தரவு வந்ததும் நரம்போட நுனி அந்த இடைவெளியில ஒரு துளி சிந்தும். அது அந்தக் கரையில பட்டதும் தசை சுருங்கும்."

"நான் ஆங் சொல்லுத மாதிரி" என்றேன்.

"ஆமா. ஆனா சிந்துன துளியை உடனே துடைச்சிரணும். துடைக்கிறதுக்குன்னே அந்த இடத்துல ஒரு பொருள் இருக்கு. துடைச்சாத்தான் தசை விடும். இந்த விஷம் அந்தத் துடைக்கிற பொருளைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுருது. துளி தேங்கிக்கிட்டே இருக்கும், தசை இழுத்துக்கிட்டே இருக்கும், இழுத்து இழுத்து ஓஞ்சுபோயிரும். மூச்சு விடுறதும் தசைதானே."

எனக்கு விளங்கிவிட்டது. ஆங் கொல்லாது. ஓ சொல்ல ஆளில்லாத ஆங் கொல்லும்.

சூசை உயிரோடு வீட்டுக்கு வந்தான். வந்து கொஞ்ச நாளில் வலது கை தொங்கிப்போனது. இப்படி அப்புறமாக வருவதுண்டு, வழக்கமாகக் காலுக்குத்தான் போகும், இவருக்குக் கைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்தக் கைக்கு வருகிற நரம்பெல்லாம் பட்டுப்போய்விட்டது, தசை நார்கள் அநாதையாக நிற்கின்றன, பக்கத்தில் உயிருள்ள நரம்பு இருந்தால் அது கிளைவிட்டுப் போய் அநாதை நாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், உடம்பு அந்த அளவுக்கு நல்லது, ஆனால் இவருக்குப் பக்கத்தில் எதுவும் மிச்சமில்லை என்றார். அவர் சொன்ன பக்கம் உடம்புக்குள் இருக்கிற பக்கம். நரம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

பேச்சிராசுவுக்கும் சூசைக்கும் என்ன சண்டை என்றால், பேச்சிராசு வீட்டு முருங்கை மதில் தாண்டி வளர்ந்து சூசை வீட்டு முற்றத்தில் கம்பளிப்பூச்சியாகக் கொட்டியது, சூசை கேட்காமல் கிளையை வெட்டினான், அவ்வளவுதான். அதற்கு ரெண்டு பேரும் வருஷக்கணக்கில் பேசாமல் ஒரே மூட்டையின் ரெண்டு முனையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். நரம்பு வந்தது அந்த வெட்டுப்பட்ட கிளைக்கு நேர் கீழே. வெந்த சேமியா போல வெள்ளை, மேலே லேசாக எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. பேச்சிராசு தலை துவட்டிக்கொண்டு நின்றவன் அதைப் பார்த்து, "ஏ மூதி, எங்கல போற? அவன் வீட்டுக்கா?" என்று தன் நரம்பையே வைதான். அது நிற்கவில்லை. அவன் துண்டை உதறினான். மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த சூசையின் கை எழுந்து, இல்லாத ஒரு துண்டை உதறியது.

சூசையின் பெண்டாட்டி சவரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையைப் பார்த்தாள், நூல் போலத் தொங்கின நரம்பைப் பார்த்தாள், மதிலை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, உங்க வீட்டுலேருந்தா வருது? காப்பி குடிச்சிட்டீங்களா? நீங்க குடிச்சா இவுகளும் குடிச்சிருவாக" என்றாள். அதோடு ஊர் அதை ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

ஏற்றுக்கொள்வது என்றால் இப்படி: தெருவில் துணிக்கொடிகளை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள், நூல் சிக்கக்கூடாதென்று; கோழிகள் கொத்த வந்தபோது கோழிகளைக் கூடையில் கவிழ்த்தார்கள்; லாரி வந்தால் கிளீனர் இறங்கி, கோயில் கொடைக்குக் கட்டின தோரணத்தை உயர்த்துவது போலக் கம்பால் நூலை உயர்த்திப் பிடிக்க லாரி அடியில் போனது; ஞாயிற்றுக்கிழமை பூசையில் சூசையின் கை சிலுவை போட வேண்டுமென்பதற்காகப் பேச்சிராசு, காலில் செருப்போடு, மாதா கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பாதிரியார் எப்போது என்ன செய்கிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று போட்டான், போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட, உள்ளே சூசையின் ஒற்றைக் கை பாதிக் கும்பிடாக நெஞ்சில் நின்றது. அந்தோணியார் தேர்க் கமிட்டியில் இதைக் கேள்வி கேட்டார்கள். பாதிரியார், "கை சாமிக்கு நேராத்தானே நிக்குது" என்று முடித்துவிட்டார். சவரியம்மாவுக்கு வேண்டாத கொழுந்தன் ஒருத்தன் நலம் விசாரிக்க வந்து கட்டில் பக்கம் குனிந்த நேரத்தில் மதிலுக்கு அப்பால் பேச்சிராசு கொசு அடித்தான். கொழுந்தன் அதற்கப்புறம் வரவில்லை. எல்லோருக்கும் அதில் சந்தோஷம்.

பேச்சு மட்டும் கிடையாது. சூசைக்கு முதுகு அரித்தால் "மதிலுக்கு அந்தப் பக்கம் நிக்குத ஆளு கொஞ்சம் முதுகைச் சொறிஞ்சா தேவலை" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லுவான். பேச்சிராசு முருங்கை மரத்தைப் பார்த்து, "கிளையை வெட்டுனவனுக்கு முதுகு அரிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சொறிவான்.

ஒரு நரம்பு அத்தனை நாரையும் சுமக்க முடியாது. பேச்சிராசு இளைத்தான். மூட்டையைப் பிடித்தால் விரல் நடுங்கியது. டாக்டரம்மா வந்து பார்த்து, தத்தெடுத்த பிள்ளைகள் அதிகமானால் தாய் ஓய்ந்துபோகும், நரம்பும் அப்படித்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்ள நாங்கள் யார்? அந்த வாரமே அடுத்த ஆளின் தோளிலிருந்து நூல் கிளம்பியது, அதற்கடுத்த வீட்டிலிருந்தும் கிளம்பியது, கடைசியில் எட்டுப் பேரிடமிருந்தும் எட்டு நூல் கூரை மேலும் மதில் மேலும் போய்ச் சூசையின் தோளில் இறங்கியது. ஒரு நாருக்கு ஒரே நுனிதான் உட்காரும், ரெண்டாவது வந்தால் ஒன்று விலகிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா, அதுபடியே தகராறு இல்லாமல் பிரித்துக்கொண்டன: பேச்சிராசுவுக்குத் தோள், ஒருத்தனுக்கு முழங்கை, ஒருத்தனுக்கு மணிக்கட்டு, மற்றவர்களுக்கு விரல்கள். அதனால் சூசை ஒரு டீ குடிக்க வேண்டுமென்றால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் டீ குடிக்க வேண்டும். டீக்கடையில் ஒன்பது கிளாஸ் வரிசையாக வைத்து, நான் ஆங் சொல்ல, ஒன்பது கையும் எழுந்து, ஒன்பது வாயும் உறிஞ்சி, நான் ஓ சொல்ல, ஒன்பது கிளாசும் பலகையில் ஒரே சத்தத்தோடு இறங்கும். என்னிடமிருந்து நூல் வரவில்லை. என்னிடம் இருந்தது குரல், அது நூலுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் ஷெட்டில் மூட்டை தூக்கும்போதெல்லாம் வீட்டில் சூசையின் கை எழுந்து இறங்கும். அவன் அதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். "நானும் வேலைக்குப் போய்ட்டுதாம்ல இருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊரில் எல்லோரும் ஒன்றை மறந்தார்கள். கேன்கள் கிட்டங்கியில் இருந்தன. வரிசை வரிசையாக, பூண்டு நாற்றத்தோடு, மூடி சரியில்லாமல். ஊர் நல்ல ஊர். அடிபட்டவனைத் தூக்கி நிறுத்துகிற ஊர். தூக்கி நிறுத்தின கையோடு அடித்தவனை மறந்துவிடுகிற ஊர். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

டாக்டரம்மா மறக்கவில்லை. மேலே எழுதிப் போட்டிருக்கிறார். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று சேதி வந்தது. அன்றே தனுஷ்கோடி முதலாளி எங்கள் தெருவுக்கு வந்தார். கார்க் கதவை டிரைவர் திறந்துவிட்டார், சட்டைப் பித்தானைக்கூட டிரைவர்தான் போட்டுவிட வேண்டும். சர்க்கரை வியாதியில் அவருக்கு வலது கை மரத்துப் பலமில்லாமல் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. சூசை வீட்டு வாசலில் நின்று, எழுந்து எழுந்து இறங்குகிற கையை நன்றாகப் பார்த்தார்.

"ஏல சூசை, கை என்னமா வேலை செய்யுது! என் கையைப் பாரு, செத்த மீனு மாதிரி. ஒன் கைக்கு என்ன கொறை? அதிகாரி வந்து தூக்குன்னா தூக்கிக் காட்டு. சோப்பு எண்ணெய் பட்டு எவனுக்கும் எதுவும் ஆகலைன்னு அவரு எழுதிட்டுப் போயிருவாரு. அந்தாக்குல அத்தனை கேனையும் லாரியில ஏத்திவிட்டுரலாம். ஏத்தப்போறதும் ஒங்க ஆளுகதான?"

போய்விட்டார். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். எட்டுப் பேர் இரக்கப்பட்டுத் தூக்கின கை அவருக்குச் சாட்சியாகிவிட்டது. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் நூல் எட்டையும் என் கையாலேயே பிய்த்திருப்பேன்.

"அவரு வாரன்னைக்கு எவனும் கையைத் தூக்கக்கூடாது" என்றேன். "எட்டுப் பேரும் பிணம் மாதிரி நில்லுங்க. செத்த கை செத்த கையாத் தெரியட்டும்."

சூசை முகம் சுருங்கிப்போனான். "ஊருக்கு முன்னால நான் தொங்குத கையோட நிக்கணுமா, அண்ணாச்சி? டீ குடிச்சு இப்பத்தான் மனுசனா இருக்கேன்."

சவரியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்க கையை எட்டுப் பேரு தூக்குதாக. நாளைக்கு அந்தக் கேனைத் தூக்கி இந்த எட்டுப் பேரு கையும் போச்சுன்னா யாரு தூக்குவா? நானா?"

மதிலுக்கு அப்பாலிருந்து பேச்சிராசு முருங்கையிடம் பேசினான். "கிளையை மட்டும் வீராப்பா வெட்டத் தெரியும்."

சூசை இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அதிகாரி வந்தார். கிட்டங்கி முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஒரு கேனைச் சாம்பிளுக்கென்று வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அதுவும் கசிந்துகொண்டுதான் இருந்தது, முதலாளி அதிலிருந்து நாலு எட்டு தள்ளி நின்றார். சூசையை நடுவில் நிறுத்தினார்கள். டாக்டரம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார், எட்டுப் பேரும் சுவரோரம் நின்றார்கள், நூல்கள் முற்றத்தில் தரையோடு கிடந்தன. அதிகாரி அவற்றை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

"இதெல்லாம் எங்க ஆளுக நரம்பு, சார்" என்றேன். "கை அவனோடது, தூக்குறது நாங்க."

"யார் நரம்பு எங்க போகுதுங்கிறது எனக்கு அனுப்புன கேள்வியில இல்ல" என்றார் அதிகாரி. "கை தூக்க வருதா வரலையா, அதுதான் கேள்வி. தூக்குங்க, சூசைமாணிக்கம்."

கை தொங்கியது. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள், பேச்சிராசுவின் நெற்றியில் வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்று அரித்தும் அவன் துடைக்கவில்லை. "தூக்குங்க" என்றார் அதிகாரி இன்னொரு தரம். தொங்கியது. அதிகாரி டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

தனுஷ்கோடி முதலாளி சின்ன வயதில் அப்பாவோடு கிட்டங்கியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு எங்கள் சங்கதி தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் குரலைப் போலவே, இழுத்து, உரக்கச் சொன்னார்:

"ஆங்!"

எட்டுக் கையும் எழுந்தது. என் கையும் எழுந்தது, தூ! வாழ்நாள் பழக்கம், எவன் வாயிலிருந்து வருகிறது என்று காது பார்ப்பதில்லை. நடுவில் சூசையின் கை, விரல் ஐந்தும் விரிந்து, கிட்டங்கி ஓட்டைத் தொடுகிற மாதிரி அழகாக எழுந்து நின்றது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அதிகாரி.

முதலாளி சிரித்தார். நான் ஓ என்று சொல்ல வாயைத் திறக்குமுன் சூசை தன் தலையை வலது தோள் பக்கம் சாய்த்தான். முத்தம் கொடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். எட்டு நூலையும் சேர்த்து வாயில் கவ்விக் கடித்தான். சுவரோரம் எட்டுப் பேரும் ஒரே குரலில் அலறினார்கள், அவன் கடித்துக்கொண்டே இருந்தான், தலையை உலுக்கி உலுக்கிக் கடித்தான், கடைசி இழை அறுந்ததும் கை ஈரத்துணி போல விழுந்து தொடையில் அடித்தது. வாயைத் துடைத்துக்கொள்ள இடது கையை எடுத்தான்.

"இதுதான் சார் என் கை" என்றான்.

"நடிக்கிறான் சார்" என்றார் முதலாளி.

அறுந்த நுனிகள் தரையில் துடித்தன. அப்புறம் ஊர ஆரம்பித்தன. நரம்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, அநாதை நார் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். சூசையின் தோள் பக்கம் அவை போகவில்லை, அவன் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த முற்றத்தில் மரத்துப்போன இன்னொரு கை இருந்தது. எட்டு நுனியும் முதலாளியின் செருப்பில் ஏறி, வேட்டியில் ஏறி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. அவருக்கு உணர்ச்சி இல்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். டாக்டரம்மாவும் பார்த்தார், "ஐயா…" என்று ஆரம்பித்தார், முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெறும் சோப்பு எண்ணெய், சார். இதைக் குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது. என் பிள்ளையைக் குளிப்பாட்டுவேன் இதுல."

"ஆங்" என்றேன் நான்.

எட்டுப் பேரும் குனிந்தார்கள். முதலாளியும் குனிந்தார். கேன் வரைக்கும் இருந்த நாலு எட்டும் அவரை அந்தக் கைதான் இழுத்துக்கொண்டு போனது. கேனின் பிடியைப் பற்றி, எட்டுப் பேர் ஒன்றும் இல்லாத காற்றைத் தோளுக்கு ஏற்ற, சட்டைப் பித்தான் போட முடியாத அந்தக் கை, பழகின சுமைக்காரனைப் போல ஒரே வீச்சில் கேனைத் தோளில் ஏற்றி நிறுத்தியது. மூடி சரியில்லை. கழுத்தில் வழிந்தது, மார்பில் வழிந்தது, வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியது.

அவர் ஒரு கணம் என்ன நடந்தது என்று பார்த்தார். அப்புறம் கத்தினார்.

"விஷம்! விஷம்டா! எடுங்கடா! ஐயோ, மருந்துடா அது, ஆளைக் கொன்னுரும்டா! விஷம்! தண்ணி, தண்ணி கொண்டாங்கடா! சார், விஷம் சார்!"

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கு அனுப்பாத கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. முதலாளி வாயாலேயே ஊருக்குக் கேட்கிற மாதிரி கிடைத்துவிட்டது. அதோடு என் வேலை முடிந்தது, நான் ஓ சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை.

அந்த வெயிலில் எட்டுப் பேரும் கையைத் தோளில் வைத்தபடி என் வாயைப் பார்த்து நின்றார்கள், பேச்சிராசுவின் கழுத்து நரம்பு புடைத்தது, முதலாளியின் தோளில் கேன் அசையாமல் நின்று கசிந்தது, அவர் இடது கையால் அதைத் தள்ளிப் பார்த்தார், எட்டுப் பேரை ஒரு கையால் தள்ள முடியுமா, டாக்டரம்மா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து, "பெரியவரே, இறக்கச் சொல்லுங்க, செத்துருவார்" என்றார், எனக்குக் கேட்டது, நன்றாகக் கேட்டது, மழைநாளில் கழுவிட்டு வருகிறேன் என்று கேட்டவனின் குரலும் கேட்டது, நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் தொண்டையில் இருந்தது. அது என்னுடையது. கொடுக்கவா வேண்டாமா என்பதும் என்னுடையது.

"அண்ணாச்சி" என்றான் சூசை. "ஓ சொல்லுங்க."

நான் அவனைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, கண்ணு கடுகாகுது அவருக்கு. எனக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும்னு. சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அப்போது சூசை, செத்த கை ஒரு பக்கம் தொங்க, வாயில் எட்டுப் பேரின் ரத்தத்தோடு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச் சொன்னான்:

"ஓ!"

எட்டுக் கையும் இறங்கியது. கேன் தரையில் விழுந்து உருண்டது. என் வாயிலிருந்து தவிர வேறெவன் வாயிலிருந்தும் அந்த ஆட்கள் அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அவர்களேதான் தண்ணீர் ஊற்றினார்கள். சட்டையைக் கிழித்து, குடம் குடமாக, சோப்புப் போட்டு, ஒரு முதலாளியை ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல முற்றத்தில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். டாக்டரம்மா கத்திரியால் நூல்களை வெட்டி, ஆளை வண்டியில் ஏற்றினார். ஊசிமேல் ஊசி. பிழைத்தார். கிட்டங்கிக்குச் சீல் வைத்தார்கள். கேன்களை உடம்பெல்லாம் உறை போட்ட ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

நூல்கள் அவரவர் தோளுக்குத் திரும்பிவிட்டன. பேச்சிராசுவின் நூல் மட்டும் சில நாள் வெயில் நேரத்தில் மதில் உச்சி வரை வந்து எட்டிப் பார்க்கும். "வேண்டாம்ல. ஓஞ்சுபோவ. ஒன் பிள்ளைகளுக்குத் தூக்கு" என்பான் சூசை. ஆமாம், பேசிக்கொள்கிறார்கள். வெட்டின இடத்தில் முருங்கை மறுபடியும் தழைத்து மறுபடியும் கம்பளிப்பூச்சி கொட்டுகிறது, இப்போது நேரடியாகவே வைதுகொள்கிறார்கள், தெருவுக்கே காது வலிக்கிறது.

சூசைக்குக் கை வரவில்லை. இடது கையால் டீ குடிக்கிறான். ஷெட்டில் இப்போது குரல் கொடுப்பது அவன்தான், ஆட்கள் அவன் சொன்னால்தான் தூக்குகிறார்கள், அவன் சொன்னால்தான் விடுகிறார்கள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் ஆங் என்றேன், ஒரு கைகூட எழவில்லை, அவ்வளவுதான்.

பேச்சிராசு கேட்டான்: "இன்னும் கொஞ்ச நேரம் சூசை சொல்லாம இருந்திருந்தா நீங்க சொல்லிருப்பீங்கள்லா, அண்ணாச்சி?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். போன வாரம் லாரிக்காரன் ஒருத்தன் டீக்கடையில் சொன்னான், முதலாளி ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டார், கிழக்கே ஏதோ ஒரு ஸ்டேஷனில் புதுக் கிட்டங்கி பிடித்திருக்கிறார், பச்சைக் கேனாம், மேலே "செடி டானிக்" என்று தாளாம், பக்கத்தில் போனால் பூண்டு வாடையாம். சூசையும் எட்டுப் பேரும் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்லட்டும்.

நான் எழுந்து ஷெட்டுக்குப் பின்னால் போய், யாரும் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்து, சொல்லிப் பார்த்தேன். ஆங் நன்றாக வந்தது, பழைய பலத்தோடு, தந்திக் கம்பத்துக் காக்கை பறக்கிற மாதிரி வந்தது. மற்றதைச் சொல்லிப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு விழுங்கினது, இன்னும் கரையவில்லை.